பதினோராவது ஷரத்து

ஆயுத பூஜைக்கு கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்தவள் நான்தான். ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, எட்டு வருடம் வைத்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போகப்போக நான் நிறையப் பேர் மேல் கோபப்படுவேன். அதில் முதல் பங்கு எனக்கு வர வேண்டும்.

மரக்காணத்து உப்பளத்துக்குள் போகும் மண் சாலை, தார்ச்சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு எடை மேடை இருக்கிறது. லாரி ஏறி நிற்கிற அளவுக்கு நீளமான இரும்பு மேடை. பக்கத்தில் ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அந்த அறையில்தான் எனக்கு வேலை. காலி லாரி முதலில் மேடை ஏறும், அந்த எடை கம்ப்யூட்டரில் பதிவாகும். பிறகு உள்ளே போய் உப்பை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்து மறுபடியும் மேடை ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பின் எடை. கம்ப்யூட்டர் ஒரு சீட்டு அடித்துத் தரும். சீட்டின் அடியில் சதுரமாக ஒரு கியூஆர் கோடு இருக்கும். உப்பை வாங்குகிற ஆலையின் கேட்டில் அதை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் லாரியை உள்ளே விடுவார்கள். கையால் எழுதின சீட்டு அங்கே செல்லாது. வேறு மேடையில் போட்ட சீட்டும் செல்லாது. அவர்கள் பட்டியலில் இந்தப் பக்கத்துக்கு எங்கள் மேடை ஒன்றுதான்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நான் ஏதோ ரசனையாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ரசனையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஜன்னல் கம்பி இரண்டு வருடத்தில் பொரிந்து உதிரும். ஸ்கூட்டியின் அடிப்பாகம் கேக் மாதிரி பெயர்ந்து வரும். கம்ப்யூட்டர் விஷயத்தில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. அது ஓடிக்கொண்டே இருந்தால் அதன் சூட்டில் உள்ளே ஈரம் தங்காது. நிறுத்தி வைத்தால் போச்சு, ஈரக்காற்று உள்ளே புகுந்து போர்டை அரித்துவிடும். அதனால் எங்கள் கம்ப்யூட்டரை நாங்கள் ராத்திரி பகல் நிறுத்துவதே கிடையாது. வருடத்தில் ஒரே ஒரு நாள் தவிர.

அந்த ஒரு நாள் ஆயுத பூஜை. அன்றைக்கு ஆயுதங்களுக்கு வேலை கொடுக்கக் கூடாது. கம்ப்யூட்டரை நிறுத்துவேன். ஈரத்துணியால் துடைப்பேன். விபூதி பூசி, சந்தனம் வைத்து, சந்தனத்தின் மேல் குங்குமம் வைப்பேன். பெட்டியின் கறுப்புப் பெயின்டில் சந்தனம் நிற்காது, காய்ந்ததும் உதிர்ந்துவிடும். ஆனால் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் வைத்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எட்டு வருடமும் பொட்டு அந்த ஸ்டிக்கர் மேல்தான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை.

நான் சொல்லப்போகிற நாள் ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமி. காலை ஒன்பது மணிக்கு மூன்று காலி லாரிகள் மேடைக்கு முன்னால் வரிசையாக நின்றன. மூன்றும் ஒரே அக்காவின் உப்புக்காக வந்தவை. அந்த அக்கா இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவர்கள் அளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர். அந்த வருடம்தான் அவரும் அவர் நாத்தனாரும் சேர்ந்து நான்கைந்து பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து, தங்களுக்கென்று உப்பு விளைவித்திருந்தார்கள். ஆலை மூன்று லோடு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அன்றைக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள் கேட்டுக்கு வந்துவிட வேண்டும். அதோடு அந்தப் பருவத்துக்கு வாங்குவது நின்றுவிடும்.

நல்ல நாள் என்று விஜயதசமியை அக்காவேதான் தேர்ந்தெடுத்தார். விடிந்ததும் விடியாததுமாக உப்புக் குவியலை மூடியிருந்த ஓலைகளைப் பிரித்து, எட்டுப் பெண்கள் கூடை கூடையாகச் சுமந்து, வரப்பைத் தாண்டி மண் சாலை ஓரத்தில் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள். வரப்பு மேல் லாரி வராது, அதனால் இப்படித்தான் செய்வது வழக்கம். ஓலையைப் பிரித்த உப்பு அன்றைக்கே லாரி ஏறிவிட வேண்டும். சாலை ஓரம் பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் ஓடி வரும்.

நான் கம்ப்யூட்டர் ஸ்விட்சைப் போட்டேன். விளக்கு எரியவில்லை. ஒயரைப் பிடுங்கி மாட்டினேன். பெட்டியைத் தட்டினேன். கடைசியில் ஸ்குரூவைக் கழற்றித் திறந்து பார்த்தால் போர்டு முழுக்கப் பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது. எத்தனை நாளாக அரித்துக்கொண்டிருந்ததோ, ஓடிக்கொண்டிருந்ததால் தாக்குப்பிடித்திருக்கிறது. ஒரு நாள் ஓய்வு கொடுத்தேன், கதை முடிந்துவிட்டது.

எடை காட்டும் கருவி தனி. அது பாட்டுக்கு சிவப்பு எண்களைக் காட்டிக்கொண்டிருந்தது. எடை இருக்கிறது, சீட்டுதான் இல்லை.

முதலாளி கிளியனூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தார். போன் செய்தேன். பின்னால் மேளச் சத்தம்.

"உனக்குத் தெரியாததாம்மா? நீயே பாத்து ஏதாவது பண்ணு. ஆனா ஒண்ணு, அந்த சாஃப்ட்வேர் கம்பெனிக்காரன்கிட்ட வம்பு கிம்பு வராம பாத்துக்க. அவனுங்க லைசென்ஸ கட் பண்ணிட்டா மேடை மொத்தமா படுத்துடும். எல்லாரும் நம்ம வாசல்ல வந்து நிப்பாங்க."

எனக்கு ஒரு யோசனை இருந்தது. நான் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டில் ஒரு லேப்டாப் உண்டு. புதுச்சேரியில் ஒரு கடையில் பழையதாக வாங்கியது. வாங்கும்போது அதில் ஒன்றுமே இல்லை, காலி. நான்தான் லினக்ஸ் போட்டு வைத்திருந்தேன். கம்ப்யூட்டரின் அடியில் இருந்துகொண்டு மற்ற எல்லாவற்றையும் ஓட்டுவதற்கு ஓஎஸ் என்கிற ஒரு இயங்குதளம் வேண்டும் இல்லையா, அதில் இலவசமாகக் கிடைப்பது லினக்ஸ். எங்கள் எடை மென்பொருள் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. ஆனால் அப்படிப்பட்ட மென்பொருளை லினக்ஸில் ஓட வைப்பதற்கும் வழி இருக்கிறது, எனக்குக் கைவந்த வழிதான். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன்.

பத்தரை மணிக்கு லேப்டாப் மேஜை மேல் இருந்தது. மென்பொருளை ஏற்றினேன். எடைக் கருவியின் ஒயரை மாட்டினேன். முதல் லாரியை மேடை ஏறச் சொன்னேன். கருவியில் சிவப்பாக என்ன எண் வந்ததோ, அதே எண் லேப்டாப் திரையிலும் வந்தது. ஒரு கிலோ முன்னே பின்னே இல்லை. வாசலில் நின்றிருந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார். படித்த திமிர் என்று ஒன்று உண்டு, அந்த நிமிடத்தில் அது எனக்குத் தலைக்கு ஏறியிருந்தது.

சீட்டு அடிக்கும் பொத்தானை அழுத்தினேன். புது கம்ப்யூட்டர் என்பதால் ஒரு அனுமதி எண் வேண்டும், கம்பெனிக்கு போன் செய்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று திரையில் வந்தது. அவ்வளவுதானே என்று போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள். நல்ல இனிமையான குரல்.

"சிஸ்டம் மாத்திட்டீங்களா மேடம்?"

"ஆமாங்க. பழசு போயிடுச்சு."

"ஓகே மேடம். புது சிஸ்டத்துல என்ன ஓஎஸ்?"

"லினக்ஸுங்க."

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் நின்றது.

"லினக்ஸ்ல போட முடியாது மேடம்."

"போட்டுட்டேங்க. நல்லா ஓடுது. வெயிட்டு கூட கரெக்டா காட்டுது."

"ஓடலாம் மேடம். ஆனா நீங்க ஓட்டக் கூடாது. அக்ரிமென்ட்ல பதினோராவது பாயிண்ட் படிச்சுப் பாருங்க. விண்டோஸ் மட்டும்தான். விண்டோஸ் போட்டுட்டு கூப்பிடுங்க, உடனே நம்பர் தர்றேன்."

"இங்க லாரி நிக்குதுங்க. இன்னிக்குள்ள போயாகணும். மழை வேற வந்துடும்."

"புரியுது மேடம். உங்க பழைய பொட்டியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும் பாருங்க. இருபத்தஞ்சு எழுத்து இருக்கும். அத வெச்சு இந்த சிஸ்டத்துல விண்டோஸ் போட்டுக்கலாம்."

போனைப் பிடித்துக்கொண்டே குனிந்து பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். ஸ்டிக்கர் இருந்தது. அதன் மேல் எட்டு வருடச் சந்தனம், எட்டு வருடக் குங்குமம், பக்குப் பக்காக. நேற்று வைத்தது இன்னும் ஈரம் கூடக் காயவில்லை.

போனை வைத்துவிட்டு நகத்தால் சுரண்டினேன். ஈரத்துணியால் தேய்த்தேன். சந்தனத்தோடு சேர்ந்து எழுத்தும் வந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். இருபத்தைந்து எழுத்தில் ஒன்பதுதான் தேறியது. மீதி சிவப்புக் கறை.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இன்னா தங்கச்சி, பொட்ட அழிக்கிற? நல்ல நாளும் அதுவுமா?"

"ஒண்ணும் இல்லக்கா. மெஷின் கொஞ்சம் ரிப்பேரு. அஞ்சு நிமிஷம்."

அது அவரிடம் நான் சொன்ன முதல் பொய். கம்பெனிக்காரியிடம் உண்மை, அக்காவிடம் பொய். அன்றைக்கு என் வாய் அப்படித்தான் வேலை செய்தது.

அறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. வானம் தெளிவாக இருந்தால் அதன் வழியாகப் பெருமுக்கல் மலை தெரியும். அந்த மாதத்தில் சாயங்கால மழை அந்தப் பக்கமிருந்துதான் வரும். மலை மறைந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் எங்கள் தலை மேல் கொட்டும். அன்றைக்குப் பதினோரு மணிக்கு மலை தெரிந்தது. ஆனால் அதன் பின்னால் வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது, காற்று அசையவே இல்லை. அளத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் அந்தப் புழுக்கம் பிடிக்காது.

உட்கார்ந்து அந்த உடன்படிக்கையைப் படிக்க ஆரம்பித்தேன்.

இதுதான் நான் செய்த வேலை. எட்டு வருடத்தில் எத்தனையோ முறை அந்தப் பக்கம் திரையில் வந்திருக்கிறது. 'ஏற்கிறேன்' என்ற பெட்டியை அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான். அன்றைக்கு, வாசலில் மூன்று லாரி நிற்கும்போது, வாழ்க்கையில் முதல் முறையாக அதை முழுவதும் படித்தேன். எல்லாம் இங்கிலீஷ். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பக்கத்துக்கு நீண்டது. சில வரிகளை மூன்று முறை படித்தேன்.

பதினோராவது ஷரத்து சொன்னது இது. மென்பொருளை விண்டோஸின் குறிப்பிட்ட பதிப்புகளில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். வேறு எந்த இயங்குதளத்திலும், நேரடியாகவோ வேறு உபாயத்தாலோ, ஓட்டக் கூடாது. ஓட்டினால் உரிமம் அந்தக் கணமே முடிந்துபோகும். அப்படி அடித்த சீட்டுகளால் யாருக்கு என்ன நஷ்டம் வந்தாலும் பயன்படுத்தியவரே பொறுப்பு. 'ஏற்கிறேன்' என்று அழுத்துகிறவர் தன் நிறுவனம் முழுவதன் சார்பாகவும் அழுத்துகிறார்.

அந்தக் கடைசி வரிதான் என் கையைக் கட்டிப்போட்டது. அழுத்தப்போகிறவள் நான். கட்டாகப்போவது முதலாளியின் மேடை. மேடை நின்றால் இந்த அக்கா மட்டுமா, அளத்தில் இருக்கிற அத்தனை பேரின் உப்பும் நிற்கும். ஆலைக்காரன் கேட்டில் சீட்டு செல்லாது என்று சொல்லிவிட்டால் ஏற்றின உப்போடு லாரி திரும்பி வரும். என்னென்னவோ யோசித்துக்கொண்டு போனேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அதே சமயம் உள்ளே கொதித்துக்கொண்டும் இருந்தது. மேடை எங்களுடையது. உப்பு அக்காவுடையது. லேப்டாப் என்னுடையது. மென்பொருளையும் விலை கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறோம், யாரிடமும் இரவல் கேட்கவில்லை. கல்லும் முள்ளுமான இந்த ஊரில் ஒரு மேஜை மேல் இருக்கிற ஒரு பெட்டிக்குள் எது இருந்து ஓட்ட வேண்டும் என்று, எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவன் எழுதி வைத்திருக்கிறான். ஏன் என்று ஒரு வரி காரணம் கூட எழுதவில்லை. நான் தேடிப் பார்த்தேன்.

முதல் லாரி டிரைவர் ஜன்னலில் வந்து நின்றார்.

"மேடம், வெயிட்டுதான் செவப்பா தெரியுதே. ஒரு பேப்பர்ல குறிச்சு வெச்சுக்குங்க. நாங்க போய் லோடு ஏத்தறோம். அப்புறமா கம்ப்யூட்டர்ல அடிச்சுக்கலாம்."

"அடிக்க முடியாதுண்ணே. லாரி மேடை மேல நிக்கும்போது அதுவா எடுத்தாத்தான் எடுக்கும். நாம கையால போட்டா ஏத்துக்காது."

"அப்ப எவ்ளோ நேரந்தான் நிக்கறது?"

"நான் மட்டும் இன்னா சும்மாவா உக்காந்துனு இருக்கேன்?" என்று எரிந்து விழுந்தேன். அந்த மனிதர் லாரிக்குத் திரும்பிப் போய்விட்டார். அவர் மேல் என்ன தப்பு? அந்த நேரத்தில் கண்ணில் பட்டவர் அவர்தான்.

எட்டுப் பெண்களும் கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கூலி நேரம் ஓடிக்கொண்டிருந்தது, வேலை நடக்கவில்லை. அக்கா மட்டும் உட்காரவில்லை. உப்புக்கும் என் அறைக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று என்னைப் பார்ப்பார், ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போவார். ஏதாவது கேட்டுத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆலைக்கு போன் செய்து ஒரு நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். மறுபடி முதலாளிக்குப் போட்டேன். எடுக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்திருக்கும். மறுபடி ஸ்டிக்கரை எடுத்துப் பார்த்தேன். மறுபடி ஷரத்தைப் படித்தேன். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டிருந்தது. ஜன்னலில் மலையின் உச்சி தெரியவில்லை, அடிவாரம் மட்டும்தான் தெரிந்தது.

அப்போது அக்கா நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ வந்து நின்றார். இந்தத் தடவை கையில் ஒரு கிழிந்த தார்ப்பாய் இருந்தது. யாரிடமோ வாங்கி வந்திருக்கிறார். அது அந்த உப்பில் கால்வாசியைக் கூட மூடாது. அது அவருக்கும் தெரியும். தார்ப்பாயின் கிழிசலில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார்.

நான் போனை எடுத்து கம்பெனிக்கு மறுபடி அடித்தேன். இந்த முறை ஒரு ஆண் குரல்.

"என்ன ஓஎஸ் மேடம்?"

"விண்டோஸ்."

"ஓகே மேடம், நம்பர் நோட் பண்ணிக்கோங்க."

எட்டு இலக்கம். சொல்லி முடித்துவிட்டு, வேற ஏதாவது உதவி வேணுமா என்று கூடக் கேட்டான். மொத்தம் இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அவன் எதையும் சரிபார்க்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை கேட்டான், நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். திரையில் 'ஏற்கிறேன்' பெட்டி வந்தது. பதினோராவது ஷரத்தை மனப்பாடமாகத் தெரிந்துகொண்டே அழுத்தினேன்.

மூன்று லாரிக்கும் காலி எடை போட்டு உள்ளே அனுப்பினேன். ஒரு லாரி ஏற்ற அந்த எட்டுப் பேருக்கும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அன்றைக்கு அவர்கள் கூடையைத் தூக்கினது ஓட்டம் மாதிரி இருந்தது. ஒன்றரைக்கு முதல் லாரி லோடோடு மேடை ஏறியது. சீட்டு வந்தது, கியூஆர் கோடு வந்தது, லாரி போனது. இரண்டே முக்காலுக்கு இரண்டாவது லாரி. அதற்குச் சீட்டு அடித்துவிட்டு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். மலை இல்லை. மலை இருந்த இடத்தில் சுவர் எழுப்பின மாதிரி இருட்டு.

காற்று சட்டென்று திரும்பியது. மண் வாசனை வந்தது. பெண்கள் மூன்றாவது லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கால்வாசி கூட ஏறியிருக்காது, முதல் துளிகள் விழுந்தன. அந்தத் துளிகள் உப்பின் மேல் விழுந்து சின்னச் சின்னக் குழியாக்கின. நான் அறையைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினேன். அக்காவும் நாத்தனாரும் தார்ப்பாயை ஒரு பக்கம் இழுக்க, நான் இன்னொரு பக்கம் பிடித்தேன். காற்று அதை எங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு மழை.

முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அப்படி ஒரு மழையை அந்தப் பருவத்தில் அதுவரை பார்க்கவில்லை. மண் சாலையின் தண்ணீர் எல்லாம் பள்ளத்துக்கு வந்தது. வெள்ளையாக இருந்த குவியலின் அடி முதலில் கரைந்தது. பிறகு மேல் பாகம் உட்கார்ந்தது. சேறும் உப்பும் கலந்து, வந்த வழியே பாத்திகளைப் பார்த்து ஓடின. அக்கா இரண்டு கையாலும் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கூடையின் இடுக்குகள் வழியாக அது ஒழுகிக்கொண்டிருந்தது. நானும் அள்ளினேன். அது வேலைக்காகாது என்று இருவருக்கும் தெரிந்தும் அள்ளினோம். என் நகக்கண்ணில் காலையில் சுரண்டின குங்குமம் இன்னும் இருந்தது, அது உப்புத் தண்ணீரில் சிவப்பாக இறங்கியது.

மழை விட்ட பிறகு மூன்றாவது லாரிக்காரர் ஏற்றின கொஞ்சத்தையும் கீழே தள்ளிவிட்டு வெறும் லாரியாகப் போனார். நனைந்த உப்பை ஆலை எடுக்காது. இரண்டு லோடு ஆறு மணிக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தகவல் வந்தது. கேட்டில் சீட்டை ஸ்கேன் செய்தபோது ஒரு சத்தமும் இல்லை, எப்போதும் போல உள்ளே விட்டுவிட்டார்களாம்.

"ரெண்டு லோடாவது போய்ச் சேந்துச்சே, அது வரைக்கும் சந்தோஷம்," என்றார் அக்கா. சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னார். "மெஷின் ரிப்பேரானா நீ இன்னா பண்ணுவ? நீயும்தான் காலையிலேர்ந்து அத்தோட மல்லுக்கட்டிட்டு இருந்த."

நான் அறையைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். முதலாளி வாங்கி வைத்திருந்த புது கம்ப்யூட்டரில் விண்டோஸோடு எல்லாவற்றையும் அவரே போட்டார். சின்ன வயசு, வேலையில் கெட்டிக்காரர். என் லேப்டாப் ஓரமாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் அந்த இரண்டு நாளும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

"சார், நான் இதை லினக்ஸ்ல ஓட்டினேன். பதினோராவது ஷரத்து படி தப்பு. போன்ல பொய் சொல்லித்தான் நம்பர் வாங்கினேன்."

என்ன ஆனாலும் ஆகட்டும் என்றுதான் சொன்னேன். வேலை போகும் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "லினக்ஸ்லயா? சீரியல் போர்ட்டு கூட எடுத்துச்சா?" என்று ஆர்வமாகக் கேட்டார். எடைக் கருவியின் ஒயரைத்தான் கேட்கிறார், எடுத்தது என்றேன். "பரவாயில்லையே மேடம்," என்று சிரித்தார். "அதெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்க. நாலஞ்சு இடத்துல இப்படித்தான் ஓடிட்டு இருக்குது, எங்களுக்கே தெரியும். லினக்ஸ்னு சொன்னா சப்போர்ட்டு குடுக்கணுமேன்னு ஒரு பாயிண்ட்ட போட்டு வெச்சிருக்காங்க, அவ்ளோதான். நீங்க ஏன் மேடம் அத எல்லாம் போய் படிச்சீங்க?"

யாரும் பார்க்காத ஒரு வரி. எழுதினவனே மறந்துபோன ஒரு வரி. அதை முன்னால் வைத்துக்கொண்டு நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் ஒரு லாரி உப்பு. கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. அவர் மேல் கோபம் வந்தது, அந்த இனிமையான குரல்காரி மேல் வந்தது. எல்லாம் சுற்றிவிட்டுத் திரும்ப என்னிடமே வந்து நின்றது.

அந்த நேரத்தில் அக்கா வாசலில் வந்து நின்றார். காற்று பிடுங்கிக்கொண்டு போன தார்ப்பாய், மேடைக்குப் பின்னால் முள்ளில் மாட்டியிருந்ததை எடுத்துப்போக வந்திருந்தார். யாருடையதோ, திருப்பித் தர வேண்டுமே. உள்ளே வாங்கக்கா என்றேன். அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்பேர் பதினொரு மணிக்கு முன்னாலேயே சரியாகிவிட்டது என்று சொன்னேன். முதல் போனில் உள்ளதைச் சொன்னதையும், அந்தப் பெண் கூடாது என்றதையும், நான் உட்கார்ந்து படித்ததையும், இரண்டாவது போனில் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். இன்ஜினியர் சங்கடப்பட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்குப் பாதி புரிந்திருக்காது என்று நினைத்தேன். அவர் லேப்டாப்பைப் பார்த்தார், புது கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இதுல போட்டாலும் அதே எடைதானே காட்டுச்சு?"

"அதே எடைதான்க்கா."

"உள்ள எது கீதுன்னு கேட்டானா?"

"ஆமாக்கா."

தார்ப்பாயை மடித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. கோபமே இல்லாத குரலில், என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரிதான் கேட்டார்.

"அந்தப் பொய்ய மொத தபாவே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

புது கம்ப்யூட்டரின் திரையில் உடன்படிக்கை வந்து நின்றது. இன்ஜினியர், "ஏற்கிறேன்னு ஒரு கிளிக் பண்ணிடுங்க மேடம், முடிஞ்சுது," என்றார். பக்கத்தில் 'ஏற்கவில்லை' என்று இன்னொரு பெட்டியும் இருந்தது. அதை அழுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன். மென்பொருள் மூடிக்கொள்ளும் என்றார். வெளியே ஒரு காலி லாரி மேடை ஏறி நின்று ஹாரன் அடித்தது. அக்கா தார்ப்பாயைத் தலையில் வைத்துக்கொண்டு மண் சாலையில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

நான் படிக்காமல் 'ஏற்கிறேன்' பெட்டியை அழுத்தினேன்.